பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு அனுப்புமுன்...

கடையில் பில் போடக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அன்பர்கள் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஓரளவு புதிய பிராசசரும் தேவை. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா? காந்தி மார்க்கெட் மண்டிக்காரருக்கும் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக் கடைக்காரருக்கும் இது வீண் செலவுதானே!

இதற்கு மாற்றுவழி உண்டு. அதுதான் லினக்ஸ். 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. உபுண்டு, மின்ட் போன்ற அதன் வகைகளுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸையே 2007-ல் வெளியிட்டது. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது.

முதலில் வெள்ளோட்டம்

எடுத்த எடுப்பில் விண்டோஸை அழித்துவிடக் கூடாது. லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கிப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கில் உள்ள கணக்குகள் அப்படியே இருக்கும். ஆனாலும் கணக்குகளுக்குத் தனியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது வியாபாரிக்கு அழகு.

எந்தச் சாதனம் எப்படி?

பார்கோடு ஸ்கேனர்: சாதாரண யு.எஸ்.பி. ஸ்கேனர், கீபோர்டு போலவே எண்களை அனுப்புவதால் தனி டிரைவர் கேட்பதில்லை.

பிரிண்டர்: லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற மென்பொருள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் பல எப்சன் முறையை ஏற்பவை. அவற்றுக்குப் பட்டியலில் எப்சன் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். எச்.பி. பிரிண்டர்களுக்கு 'எச்.பி.லிப்' உள்ளது. பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டருக்கும் சில லேசர் பிரிண்டர்களுக்கும் தயாரிப்பாளர் தரும் லினக்ஸ் டிரைவர் தேவைப்படலாம். புதிதாக வாங்குவோர் இதைக் கேட்டுக்கொண்டே பணம் கொடுக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் தராசு: சீரியல் கேபிள் உள்ள தராசை யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் மூலம் இணைக்கலாம். கன்வெர்ட்டரை லினக்ஸ் கண்டுகொண்ட பிறகும் எடை வரவில்லை என்று பலர் திகைப்பார்கள். உபுண்டு, மின்ட் வகைகளில், கம்ப்யூட்டரை இயக்குபவரின் பெயரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்த்தால்தான் அனுமதி கிடைக்கும். சேர்த்தபின் ஒருமுறை லாக் அவுட் செய்து மீண்டும் நுழைய வேண்டும். தராசின் கையேட்டில் உள்ள வேக எண்ணையும் பில் மென்பொருளில் அப்படியே கொடுக்க வேண்டும்.

வைஃபை: சில கார்டுகள் முதலில் வேலை செய்யா. செல்போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, அதன் இன்டர்நெட் மூலம் தேவையான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

யாருக்கு ஒத்துவராது?

டாலி மென்பொருள் விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. அதை நம்பிக் கணக்கு எழுதுவோர் அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் விண்டோஸ் 11-க்கு மாற்றி, கவுன்டர் கம்ப்யூட்டர்களில் லினக்ஸைப் பயன்படுத்தலாம். கவுன்டரில் உள்ள பில் மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டா என்று விற்றவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தைப் பிரவுசரிலேயே திறக்கலாம். ஆனால் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்போர் அதற்கும் லினக்ஸ் மென்பொருள் உண்டா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வேளை பார்த்து இறங்குவதும் முக்கியம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தின்போது ஸ்ரீரங்கத்திலும், தீபாவளி நேரத்தில் என்.எஸ்.பி. ரோட்டிலும் இந்தப் பரீட்சை வேண்டாம். கணக்கு முடிக்கும் மார்ச் மாதமும் ஆகாது. வியாபாரம் மந்தமான ஒரு வாரத்தில், ஒரே ஒரு கம்ப்யூட்டரில் தொடங்குங்கள். ஸ்கேனர், பிரிண்டர், தராசு மூன்றும் ஒழுங்காக இயங்கிய பிறகு அடுத்ததைத் தொடலாம். இயங்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றினால் போதும், நஷ்டம் ஒன்றுமில்லை. உறுப்பினர்கள் ஆராய்ந்து பயன்பெற வேண்டுகிறோம்.