அசையா உடலும் அறியும் மனமும்: மூளைப் படமாக்கல் காட்டுவனவும் காட்டாதனவும்

விழித்திருத்தல் வேறு, உணர்வுடன் இருத்தல் வேறு என்ற வேறுபாடு மருத்துவத்தில் உறுதியாக நிலைகொண்டது 1972இலாகும். கிளாஸ்கோவின் நரம்பறுவை மருத்துவப் பேராசிரியர் பிறயன் ஜெனெற்றும் நியூயோர்க் நரம்பியலாளர் பிரெட் பிளமும் அவ்வாண்டில் ஒரு நிலையை விவரித்தனர். மூளைக் காயத்தால் ஆழ்மயக்கமுற்றோர் சிலர் பின்னர் கண்திறக்கின்றனர், தாமே மூச்சுவிடுகின்றனர், உறங்கி விழிக்கின்றனர். எனினும் தம்மையோ சூழலையோ அறிந்தமைக்கான அறிகுறி எதனையும் அவர்கள் காட்டுவதில்லை. இதற்குத் தாவர நிலை எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டது. அப்பெயரிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியிருந்தது என்பது எமது கருத்து. 'துலங்கலற்ற விழிப்புநிலை' என்னும் மாற்றுப் பெயரை ஐரோப்பிய ஆய்வாளர் முன்மொழிய 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒருவர் உணர்வுடன் உள்ளாரா என்பதைப் படுக்கையருகே அறியும் வழி ஒன்றே. கையை அழுத்துமாறு கூறுகின்றோம். அழுத்தினால் அவர் எம்மைக் கேட்டார் என்கின்றோம். அழுத்தாவிடின் கேட்கவில்லை என்று முடிவுசெய்வது தருக்கவழி பொருந்தாது. அசையும் ஆற்றல் மட்டும் அற்றுப்போயிருக்கலாம். அவதானிப்பிலும் குறையுண்டு. 2009இல் பெல்ஜிய ஆய்வாளர், மருத்துவக் குழுக்கள் ஒருமித்துத் தாவர நிலை என முடிவுசெய்த 44 பேரை முறையான அளவுகோல் கொண்டு மீளச் சோதித்தபோது, 18 பேரிடம் உணர்வின் சிறு அறிகுறிகள் வெளிப்பட்டன. இதற்கு எந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எந்திரம் வேண்டியிருந்த இடம் வேறு. 2005இல் வீதி விபத்தொன்றில் காயமுற்ற இருபத்துமூன்று வயதுப் பெண்ணொருவர், ஐந்து மாதங்களின் பின்னரும் தாவர நிலைக்குரிய இலக்கணங்கள் யாவும் பொருந்தியவராக இருந்தார். கேம்பிறிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் அவரைத் தொழிற்பாட்டுக் காந்தப் பரிவுப் படமாக்கலுக்கு உட்படுத்தினர். மூளையின் ஒரு பகுதி தொழிற்படுங்கால் அங்கு ஒட்சிசன் செறிந்த குருதி மிகுதியாகப் பாய்கின்றது. ஒட்சிசன் ஏற்ற ஈமோகுளோபினும் அதனை இழந்த ஈமோகுளோபினும் காந்தப்புலத்தில் வேறுவேறாக நடந்துகொள்வதால், இம்மாற்றத்தைப் படமாக்க முடிகின்றது. எனவே இப்படம் காட்டுவது எண்ணத்தையன்று, குருதியோட்டத்தையே. எண்ணம் என்பது நாம் அதிலிருந்து பெறும் அனுமானம்.

அப்பெண்ணிடம் டெனிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறு கூறப்பட்டது. பின்னர் தம் வீட்டு அறைகளினூடே நடப்பதாகக் கற்பனை செய்யுமாறு கூறப்பட்டது. முதலாவதில் அசைவுகளைத் திட்டமிடும் துணை இயக்கப் பகுதியும், இரண்டாவதில் இடவறிவோடு தொடர்புடைய பகுதிகளும் தொழிற்பட்டன. நலமுள்ளோரின் படங்களிலிருந்து இவற்றை வேறுபடுத்த இயலவில்லை. 2006இல் இம்முடிவு வெளியானதும், 'டெனிஸ்' என்னும் சொல்லின் ஒலியே மூளையைத் தன்னியல்பாகத் தூண்டியிருக்கலாம் எனச் சிலர் மறுத்தனர். வேண்டிய மறுப்பே இது. ஆயின் தன்னியல்பான துலங்கல் விரைவில் ஓய்ந்துவிடும். இங்கோ ஓய்வெடுக்குமாறு கூறும்வரை, முப்பது செக்கன்கள் அது நீடித்தது.

2010இல் கேம்பிறிட்ஜ், லியேஜ் குழுக்கள் 54 நோயாளரைச் சோதித்து, ஐவரிடம் இத்தகைய துலங்கலைக் கண்டன. அவர்களுள் ஒருவரிடம் ஒரு கற்பனையை 'ஆம்' எனவும் மற்றதை 'இல்லை' எனவும் கொள்ளுமாறு கூறி, அவரது வாழ்க்கை பற்றி ஆறு வினாக்கள் வினவப்பட்டன. ஐந்துக்குச் சரியான விடை கிடைத்தது. ஆறாவதற்குக் கிடைத்தது பிழையான விடையன்று. படத்தில் குறிப்பிடத்தக்க தொழிற்பாடே தோன்றவில்லை. அதே மனிதருடன் படுக்கையருகே எவ்விதத் தொடர்பும் கொள்ள முடியவில்லை.

அந்த ஆறாவது மௌனத்தின் பொருள் என்ன? 2024இல் வெளியான, ஆறு நிலையங்கள் இணைந்து செய்த ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகின்றது. கட்டளைக்கு உடலால் துலங்காத 241 பேருள் 60 பேர், ஏறத்தாழ நால்வருக்கொருவர், படமாக்கலிலோ மூளை மின்னலைப் பதிவிலோ துலங்கினர். செய்தித்தாள்கள் இவ்வெண்ணையே பெரிதாக வெளியிட்டன. அதற்கு நிகராகக் கருதத்தக்க மற்றோர் எண்ணும் அவ்வாய்விலுண்டு. கட்டளைக்கு உடலால் துலங்கிய, எனவே உணர்வுள்ளோர் என நாம் ஐயமின்றி அறிந்த 112 பேருள் 43 பேரிடமே எந்திரம் துலங்கலைக் கண்டது. எஞ்சிய 69 பேரை அது தவறவிட்டது. செவிப்புலனோ மொழியாற்றலோ பாதிப்புற்றவர், சோதனைவேளையில் உறங்கியவர், பல நிமிடங்கள் கவனத்தை நிறுத்த இயலாதவர் ஆகியோர் எந்திரத்தின் முன்னும் மௌனிகளே. உணர்வு உண்டு என்பதற்குப் படம் சான்றாகலாம். இல்லை என்பதற்கு ஆகாது.

இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. 1989இல் ஹில்ஸ்பறோ மைதான நெரிசலில் மூளை பாதிப்புற்ற அந்தனி பிளான்டின் உணவூட்டலை நிறுத்தலாம் என 1993இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தபோது, அவர் எதனையும் உணரார் என்னும் மருத்துவ முடிவு அதற்கு அடிப்படையாய் அமைந்தது. அத்தீர்ப்பு தவறென நாம் கூறவில்லை; அவரது மூளைமேற்பட்டையின் அழிவு கடுமையானது. ஆனால் 2018இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், மருத்துவரும் குடும்பத்தாரும் உடன்படுமிடத்து நீதிமன்றை நாடவேண்டியது கட்டாயமன்று என்றது. ஆகவே படுக்கையருகுச் சோதனையின் பொறுப்பு மேலும் கனத்துள்ளது. நோயாளரிடமே வினவலாமே என்பர் சிலர். வலியுண்டா என வினவலாம். அது பயனுள்ள வினா. வாழ்வதா மடிவதா என்பதற்கு நிலைமையை விளங்கி நிறுத்துப்பார்க்கும் ஆற்றல் வேண்டும். ஆம், இல்லை என்னும் இரு குறிகள் அவ்வாற்றலுக்குச் சான்றாகா.

காந்தப் பரிவுப் பொறி விலைமிக்கது. உடலில் சிலவகை உலோகங்கள் பொருத்தப்பட்டோருக்கு ஒவ்வாதது. மின்னலைப் பதிவோ படுக்கையருகே செய்யத்தக்கது. 2019இல் வெளியான நியூயோர்க் ஆய்வொன்றில், அண்மையில் மூளைப் பாதிப்புற்ற 104 பேருள் 16 பேரின் மின்னலைகளில் மறைந்த துலங்கல் கண்டறியப்பட்டது. ஓராண்டின் பின் அவர்களுள் 44 வீதத்தினர் நாளில் எட்டு மணிநேரமேனும் பிறர் துணையின்றி இயங்கும் நிலையை எய்தினர். ஏனையோருள் 14 வீதத்தினரே அந்நிலையை எய்தினர். இதுவும் பயிற்சியையும் கணிப்பையும் வேண்டுவதாகலின், பெரும்பாலான வைத்தியசாலைகளுக்கு இன்னும் எட்டவில்லை. எங்கும் இன்றே செய்யத்தக்க சோதனையொன்றையும் 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய நரம்பியல் வழிகாட்டி பரிந்துரைக்கின்றது: முகங்காட்டும் கண்ணாடியொன்றை நோயாளரின் கண்முன் மெல்ல நகர்த்தி, அவரது விழிகள் தம் முகத்தைப் பின்தொடர்கின்றனவா என நோக்குதல்.