பந்தி வஞ்சனை இல்லாத வகுப்பறை

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் ரெட்டியார்சத்திரம். அதே சாலையில் மேலும் மேற்கே சென்றால் ஒட்டன்சத்திரம் வரும். சத்திரம் என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர்கள் இவை. வழிநடையாய் வந்தவர்க்குச் சோறும் தங்குமிடமும் அளித்த அறநிலையமே சத்திரம். அன்னமிடும் இடங்களுக்கெல்லாம் தமிழர் வகுத்த எழுதா விதி ஒன்று உண்டு. பந்தி வஞ்சனை கூடாது என்பதே அது. ஒரே வரிசையில் அமர்ந்தோருள் வேண்டியவர் இலையில் நெய்யும் வேண்டாதவர் இலையில் நீர்மோரும் ஊற்றுவதை நம் முன்னோர் பெரும் பழியாகக் கருதினர்.

வகுப்பறையும் ஒரு பந்தியே. அங்கே பரிமாறப்படுவது கல்வி. இலையில் நிகழும் வஞ்சனை அப்பொழுதே கண்ணுக்குத் தெரிந்துவிடும். வகுப்பறையில் நிகழும் வஞ்சனையோ பல ஆண்டுகள் சென்ற பின்னரே, படிப்பை இடையில் நிறுத்திய ஒருவரின் வாழ்க்கையில் வெளிப்படும். ஆகவே ஆசிரியரின் நடுவுநிலை என்பது யாது, மாணவரை முதன்மையாகக் கொண்டு கற்பித்தல் என்பது யாது, இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். வஞ்சனையின்மை என்பது எல்லார்க்கும் ஒரே அளவில் ஊற்றிச் செல்வதன்று. குழந்தைக்குக் குறைவாகவும், நெடுந்தொலைவு நடந்து வந்தவனுக்கு மிகுதியாகவும், பல்லில்லாத முதியவர்க்குக் குழையப் பிசைந்தும் இடுபவரே நன்கு பரிமாறத் தெரிந்தவர். மனம் எல்லாரிடத்தும் ஒன்றாக இருக்க, கை மட்டும் ஆளறிந்து மாற வேண்டும். வகுப்பறைக்கும் இதுவே நீதி.

நன்னூலின் துலாக்கோல்

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் எழுத்திலக்கணம் தொடங்குவதற்கு முன்னரே ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுத்துவிட்டார். நல்லாசிரியர்க்கு அவர் காட்டும் உவமைகள் நான்கு: நிலம், மலை, துலாக்கோல், மலர். இவற்றுள் துலாக்கோலுக்கு அவர் கூறும் பண்புகள் இரண்டு. ஐயம் நீங்கப் பொருளை உணர்த்துதல் ஒன்று. உண்மையான நடுவுநிலையில் நிற்றல் மற்றொன்று. தெளிவும் நேர்மையும் ஒரே கோலின் இரு தன்மைகளாக வைக்கப்பட்டமை எண்ணி மகிழத் தக்கது. புரியாத மாணவரை ஐயத்திலேயே விட்டு நகரும் ஆசிரியர், அறிவிலே குறைந்தவர் என்பதைக் காட்டிலும் நடுவுநிலையில் தவறியவர் என்பதே பொருந்தும்.

பாடஞ்சொல்லும் முறையை விளக்குமிடத்திலும் பவணந்தியார் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை. கேட்பவன் எவ்வகையில் ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளத்தில் பதியுமாறு, கோணலற்ற மனத்தோடு கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மாணவரை முதன்மையாகக் கொள்ளுதல் மேலைநாட்டிலிருந்து வந்த புதுக்கொள்கை என்று எண்ணுவோர் இவ்விடத்தை மீண்டும் ஒருமுறை படித்தல் நலம்.

ஆசிரியர் ஆகாதவர்க்கும் அவர் உவமை கூறத் தவறவில்லை. அவற்றுள் முடத்தெங்கு நம் வட்டாரத்தார்க்கு எளிதில் விளங்கும். ஒருவர் தோட்டத்தில் நீரும் எருவும் பெற்று வளர்ந்த தென்னை, வேலிக்கு அப்பால் வளைந்து அயலாருக்குக் காய் உதிர்ப்பதே முடத்தெங்கு. தம்மை நம்பி அமர்ந்திருக்கும் வகுப்பை விட்டு, தமக்கு வேண்டிய ஓரிருவர்க்கே தம் கல்வியின் பயனை அளிப்பவர் இவ்வுவமைக்கு இலக்காவார்.

நன்னூல் அடைத்த கதவு

நூலைப் போற்றுவோர் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆசிரியர்க்குரிய சிறப்புகளை எண்ணுகையில் குலத்தை முதலில் வைக்கிறது நன்னூல். நூல் கற்பிக்கத் தகாதவர் என ஒரு பட்டியலையும் அது தருகிறது. கள்வன், வஞ்சகன் முதலியோரோடு நோயாளி, உறங்குபவன், மந்த அறிவினன், பழைய நூல்களைக் கண்டு அஞ்சித் தடுமாறுபவன் ஆகியோரும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். ஆசிரியரை நாடிச் சிலரே சென்று பயின்ற காலத்தின் வரையறை அது. கல்வி எல்லார்க்கும் உரிமையாகிவிட்ட இக்காலத்தில் அதனை ஏற்றல் இயலாது.

உறங்குபவனையே எடுத்துக்கொள்வோம். பயிருக்கு நீர்பாய்ச்ச மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வருமாயின், தந்தையோடு மடை மாற்றச் செல்லும் மாணவன் முற்பகல் வகுப்பில் கண்ணயர்தல் இயல்பு. விடியுமுன் பூப்பறித்துவிட்டுப் பேருந்தேறும் மாணவியின் நிலையும் அதுவே. பழைய நூல்களைக் கண்டு அஞ்சுபவரின் நிலை என்ன? இவ்வட்டாரத்தில் வீட்டிலே தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிப் பள்ளியிலே தமிழ் பயின்றோர் பலர். சீர்பிரித்துச் செய்யுள் படிக்க அவர்கள் தயங்குவது அறிவுக் குறைவால் அன்று. நன்னூல் எவரை வாயிலில் நிறுத்தியதோ அவரே இன்றைய வகுப்பறையில் முதற்கவனம் பெற வேண்டியவர். துலாக்கோலைக் கைக்கொண்டு, அடைத்த கதவைத் திறந்துவிடுவதே நாம் அந்நூலுக்குச் செய்யும் நன்றி.

திருமறை உணர்த்திய பாடம்

இஸ்லாமிய மரபில் இவ்வறத்தை மிக அழுத்தமாக உணர்த்துவது திருக்குர்ஆனின் 80-ஆம் அத்தியாயமாகிய ‘அபஸ’. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷிகளின் தலைவர்களோடு உரையாடிக் கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) தமக்குக் கற்பிக்குமாறு கேட்டு வந்தார். அந்த வேளையில் அவரைவிடத் தலைவர்கள்பால் கவனம் சென்றதைக் குறித்தே அவ்வத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன என்பது விரிவுரையாளர் கூற்று. ஆர்வத்தோடு தேடி வந்தவனே முந்துரிமைக்கு உரியவன். செல்வமும் செல்வாக்கும் அவ்வுரிமையை மாற்றா என்பது அவ்வசனங்களின் சாரம். பின்னர் அத்தோழர் பெருஞ்சிறப்புப் பெற்றார். மதீனாவில் பாங்கொலிக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நபிகளார் வெளியூர் சென்ற காலங்களில் நகரின் பொறுப்பும் அவரிடம் அளிக்கப்பட்டது.

மற்றொரு செய்தியைப் புகாரி நூல் தொகுத்தளிக்கிறது. ஆண்களே தங்கள் அவையை நிறைத்துவிடுகின்றனர், எங்களுக்கென ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் வேண்டினர். அண்ணலார் அவ்வாறே ஒரு நாளைக் குறித்து, அன்று அவர்களுக்கு அறிவுரை வழங்கினார்கள். அவை எல்லார்க்கும் திறந்தே இருந்தது. ஆயினும் சிலரால் அதனுள் நெருங்க இயலவில்லை. அக்குறையைக் கேட்டறிந்து முறையை மாற்றியமைத்ததே அங்கு நீதியாயிற்று. 14-ஆம் நூற்றாண்டின் அறிஞர் இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில், கற்பவரிடம் காட்டும் கடுமை அவர்தம் ஊக்கத்தைக் கெடுத்துப் பொய்ம்மைக்கும் பழக்கிவிடும் என்று எச்சரித்தார். நம் நாட்டிலோ 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில் பள்ளிக் குழந்தைகள்மீது உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. அறிஞர் கூறியது சட்டமாக ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

மகாவித்துவான் இட்ட பந்தி

கொள்கை ஏட்டளவில் நின்றுவிடாமல் தமிழ்நாட்டில் வாழ்ந்து காட்டப்பட்டதற்கு மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களே (1815–1876) சான்று. ஆழ்ந்த சைவர், திருவாவடுதுறை ஆதீனத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். ஆயினும் அவரிடம் பாடங்கேட்டோரில் சமய வேறுபாடு இருக்கவில்லை. உ.வே. சாமிநாதையரும் தியாகராச செட்டியாரும் அவர் மாணவர்கள். கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும் அவர் மாணவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் (1833–1908) அவரிடம் தமிழ் பயின்றவரே. நாவலர் பின்னாளில் நாகூர்ப் புராணமும் புலவராற்றுப்படையும் இயற்றி, இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தூண்களுள் ஒருவரானார்.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மகாவித்துவான் வாயிலில் சமயம் கேட்டிருப்பாராயின், நட்டம் நாவலர் ஒருவரோடு முடிந்திராது. தமிழுக்கே அது பேரிழப்பாகியிருக்கும். மகாவித்துவான் செல்வத்தில் திளைத்தவரும் அல்லர். வறுமையை அடிக்கடி சந்தித்தவர். அந்நிலையிலும் மாணவரின் உணவையும் தங்குமிடத்தையும் தம் கவலையாகக் கொண்டார் என்பதை ஐயரவர்கள் தம் வரலாற்று நூல்களில் நன்றியோடு பதிவு செய்துள்ளார்.

நம் வகுப்பறையில் செய்யத்தக்கவை

மகாவித்துவானுக்கு முன் அமர்ந்தோர் சிலர். இன்றைய ஆசிரியர்முன் அமர்ந்திருப்போர் அறுபது பேர். அறுபது பேரிடத்தும் நடுவுநிலை காப்பது இயலுமா என்னும் வினா எழும். இயலும், அதற்கு நல்ல மனத்தோடு சில முறைகளும் வேண்டும்.

முதலாவது, வினா எழுப்பிய பின் காத்திருத்தல். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1974-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் வினாத் தொடுத்த பின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருக்கின்றனர் என்று கண்டார். மூன்று நொடிகளுக்கு மேல் காத்தபோது விடைகள் நீண்டன. வாய் திறவாதோரும் பேசினர். அறிவாளி எனத் தாம் கருதிய மாணவர்க்கு ஆசிரியர் கூடுதல் நேரமும், மந்தர் எனக் கருதியவர்க்குக் குறைந்த நேரமும் தந்தனர் என்பதையும் அவர் கண்டறிந்தார். இரண்டு நொடிகளில் நிகழும் பந்தி வஞ்சனை இது! செய்பவர்க்கே தெரியாமல் நிகழ்வதால் இது மேலும் கொடிது.

இரண்டாவது, நிலையறிந்து கற்பித்தல். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், குழந்தைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்து அதற்கேற்பப் பயிற்சி தருகிறது. கேட்பவன் கொள்ளும் வகையறிதல் என்னும் பவணந்தியார் நெறியே அது. கல்லூரியிலும் முதற்பருவத்தின் முதல் வாரத்தில் மாணவர் எங்கு நிற்கின்றனர் என்பதை அறிந்த பின்னரே பாடத்தைத் தொடங்கலாம். பெயர் சூட்டுவது ஒருவரை அங்கேயே நிறுத்தி வைப்பதற்காக அன்று, அடுத்த படிக்கு ஏற்றுவதற்காகவே என்பதை மறத்தல் ஆகாது. அரும்பு மலரும் வரையில்தான் அரும்பு.

மூன்றாவது, மதிப்பீட்டில் தூய்மை. பல்கலைக்கழகத் தேர்வில் பெயரும் பதிவெண்ணும் மறைக்கப்பட்டு விடைத்தாள் திருத்தப்படுகிறது. அகமதிப்பீட்டிலோ பெயர் வெளிப்படையாக நிற்கிறது. அங்கும் பெயர்ப்பக்கத்தை மடித்து வைத்துத் திருத்துதலும், மதிப்பெண் எதனால் குறைந்தது என்பதை எழுதிக் காட்டுதலும் எளிய காப்புகள். மதிப்பெண்ணைப் பற்றி வினவும் மாணவரைப் பகைவராகக் கருதாதிருத்தல் எல்லாவற்றினும் பெரிய காப்பு.

மாணவச் செல்வங்களுக்கும் இதில் பங்கு உண்டு. முன்வரிசையில் அமர்ந்தவர் தமக்கு விளங்கியதைப் பின்வரிசையார்க்கு எடுத்துரைத்தல் பந்தியில் அருகிலுள்ளவர் இலையைப் பார்த்துக்கொள்வது போன்ற பண்பாகும். சமுதாயப் பெரியோர்களும் கல்லூரியைப் பற்றி வினவும்போது, முதல் மதிப்பெண் பெற்றவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. இவ்வாண்டு இடையில் நின்றவர் எத்தனை பேர், ஏன் நின்றனர் என்றும் கேட்டல் வேண்டும்.

பந்தியின் பெருமை தலைவாழை இலை பெற்ற முதல் விருந்தினரால் அறியப்படுவதில்லை. கடைசி இலையில் சோறு சூடாக விழுந்ததா என்பதைக் கொண்டே அது அறியப்படும். வகுப்பறைக்கும் அளவுகோல் அதுவே.