பழைய ஜிப்சியை உயர்த்தும் ‘சஸ்பென்ஷன் லிஃப்ட்’: செய்வது எப்படி, சிக்கல் எங்கே?

மாருதி சுசூகியின் ஜிப்சி 1985 டிசம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்தது. ராணுவம், காவல்துறை, புலிகள் காப்பகங்களின் சுற்றுலாப் பயணம், இமயமலைப் பகுதி கார் பந்தயங்கள் எனப் பல களங்களில் அறியப்பட்ட இந்த நான்கு சக்கர இயக்க வாகனத்தின் பொதுமக்களுக்கான விற்பனை, புதிய விபத்துப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு வாக்கில் நிறுத்தப்பட்டது. ஆயினும் பழைய ஜிப்சிகளுக்கு இன்றும் வரவேற்பு குறையவில்லை. அவற்றை வாங்குவோர் பலர் முதலில் செய்ய விரும்பும் மாற்றம் ‘சஸ்பென்ஷன் லிஃப்ட்’, அதாவது சக்கர அச்சுக்கும் சேஸிசுக்கும் இடையிலான தூரத்தை அதிகரித்து வாகனத்தை உயர்த்துவதாகும்.

இந்த வேலை வெளித்தோற்றத்துக்கு எளிதானது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங் கொண்ட வாகனம் என்பதால், ஓரளவு வசதியுள்ள பட்டறையிலேயே செய்து முடிக்கலாம். ஆனால், உயர்த்துவதால் எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பதை அறியாமல் பணம் செலவழிப்போரே அதிகம்.

உயரம் கூடும், தரை இடைவெளி கூடாது

ஜிப்சியின் தரை இடைவெளி 210 மி.மீ. இது அளக்கப்படுவது வாகனத்தின் மிகத் தாழ்வான பகுதியான டிஃபரன்ஷியல் உருளையின் அடியிலிருந்து. அந்த உருளை சக்கர அச்சோடு இணைந்தது. சஸ்பென்ஷனை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும், அச்சு சக்கரத்தின் மையத்திலேயே இருப்பதால், 210 மி.மீ. என்பது 210 மி.மீ. ஆகவே நீடிக்கும். உயர்வது சேஸிசும் அதன்மேல் உள்ளவையும் மட்டுமே. மேடான பாறையைக் கடக்கும்போது நடுவயிறு தட்டாமல் இருப்பதற்கும், பெரிய டயர்களுக்கு இடம் கிடைப்பதற்கும் லிஃப்ட் உதவும். அச்சையே மேலே கொண்டுபோவது டயரின் வேலை.

ஜிப்சி கிங்கின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. பலரும் மாற்றிப் பொருத்தும் 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, அதாவது சுமார் 33 மி.மீ. மட்டுமே டிஃபரன்ஷியல் உயரும். அதற்கு விலையும் உண்டு. டயர் ஏறத்தாழ 10 சதவீதம் பெரிதாவதால் ஸ்பீடோமீட்டர் 60 கி.மீ. காட்டும்போது வாகனம் உண்மையில் 66 கி.மீ. வேகத்தில் செல்லும். எஞ்சினின் இழுவிசை சக்கரத்தில் அதே அளவுக்குக் குறையும். பிரேக்குக்கும் சுமை கூடும். 1,298 சி.சி. எஞ்சினுக்கு இது சிறிய சுமையன்று. தொடக்க கால 970 சி.சி. மாடலில் மலையேற்றத்தின்போது இன்னும் தெளிவாக உணரப்படும்.

முதலில் இழந்த உயரத்தை மீட்க வேண்டும்

இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய வாகனத்தின் பட்டைகள் தொய்ந்திருக்கும். வட மாநிலங்களில் ‘கமானி’ எனப்படும் இந்தப் பட்டைகளைச் சூடேற்றி வளைவைச் சரிசெய்து தரும் பட்டறைகள் பல நகரங்களில் உள்ளன. ஆனால், முறையான வெப்பப் பதப்படுத்தல் இல்லாமல் வளைத்த பட்டை சில மாதங்களில் மீண்டும் தொய்யும் அல்லது முறியும். புதிய பட்டைத் தொகுப்பு, புதிய புஷ்கள், புதிய ஷாக் அப்சார்பர்கள் ஆகியவற்றைப் பொருத்தினாலே வாகனம் கண்ணுக்குத் தெரியும் அளவு உயர்ந்துவிடும். அது லிஃப்ட் அல்ல, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த உயரம். பலருக்கு அதுவே போதுமானது என்பதுதான் உண்மை.

அதற்கு மேலும் உயர்த்த மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பட்டையைச் சேஸிசுடன் இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்குவது. செலவு குறைவு; ஆனால் ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வாகனம் 1 அங்குலமே உயரும். முன்புறத்தில் இது ஸ்டியரிங்கின் காஸ்டர் கோணத்தையும் மாற்றிவிடும். அந்தக் கோணம் குறைந்தால், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. நெடுஞ்சாலையில் வாகனம் அலைபாயும். இரண்டாவது, கூடுதல் வளைவுள்ள பட்டைகளைப் பொருத்துவது. ஏறத்தாழ 2 அங்குலம் உயர்த்த இதுவே நம்பகமானது.

மூன்றாவது வழி துணிச்சலானது. ஜிப்சியில் பட்டை அச்சின் கீழே அமைந்திருக்கும். அதை அச்சின் மேலே மாற்றிப் பொருத்தினால் ஒரேயடியாக சுமார் 5 அங்குலம் உயரும். இதற்கு அச்சுக் குழாயில் புதிய இருக்கைகளைப் பற்றவைக்க வேண்டும். ஸ்டியரிங் இணைப்புத் தண்டு பட்டையில் இடிக்கும் என்பதால் அதன் வடிவத்தையும் மாற்ற வேண்டும். அழுத்தமாக முடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு பட்டையை ‘எஸ்’ வடிவில் வளைக்கும் சிக்கலும் வரும். போட்டிக் களத்துக்கு மட்டுமே உரிய மாற்றம் இது. தினமும் சாலையில் ஓடும் வாகனத்துக்கு இதைப் பரிந்துரைக்கும் மெக்கானிக்கிடம் கவனமாக இருப்பது நல்லது.

எந்த வழியானாலும், பழைய வாகனத்தில் முதலில் சோதிக்க வேண்டியது சேஸிசில் பட்டை இணையும் தாங்கிகளை. துரு அரித்த தாங்கியில் புதிய பட்டையை மாட்டுவது ஆபத்து. சுத்தியலால் தட்டும்போது மந்தமான ஒலி வந்தாலோ, பற்றவைப்பில் விரிசல் தெரிந்தாலோ லிஃப்ட் வேலையை நிறுத்திவிட்டுச் சேஸிசைச் சரிசெய்ய வேண்டும். கழற்றிய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை இறுக்கும்போதே அவை நீண்டுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் புகுவதும் கூடாது. சேஸிசுக்குக் கீழே ஸ்டாண்டு அவசியம்.

பொருத்தியபின், ஷேக்கிள் போல்ட்டுகளை வாகனம் தரையில் தன் முழு எடையோடு நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். சக்கரம் முழுமையாகக் கீழிறங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் வழுக்கு இணைப்பு போதிய அளவு உள்ளே இருக்கிறதா எனப் பார்ப்பதும் கட்டாயம். இழுபட்ட ஹோஸ் மலைப்பாதையில் கிழிந்தால் பிரேக் திறன் பெரிதும் குறையும். சில நூறு கி.மீ. ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, சக்கர அலைன்மென்ட்டையும் முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிசெய்ய வேண்டும்.

கவிழும் அபாயம்

ஜிப்சி குறுகலான வாகனம். உதாரணமாக, சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1,300 மி.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 650 மி.மீ. எனக் கொள்வோம். நின்ற நிலையில் 45 டிகிரி பக்கச் சாய்வில் அது கவிழும். ஈர்ப்பு மையம் 100 மி.மீ. மேலே போனால் அந்த எல்லை சுமார் 41 டிகிரியாகக் குறையும். வளைவில் வேகமாகத் திரும்பும்போதும், பள்ளத்தைத் தவிர்க்கச் சட்டென ஒடிக்கும்போதும் இதைவிடக் குறைந்த சாய்விலேயே அபாயம் நேரும். மேற்கூரையில் சாமான் ஏற்றினால் நிலைமை மேலும் மோசமாகும்.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, 2019 ஜனவரியில் இந்தத் தடையை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மறுபுறம், வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே ‘மாற்றம்’ என அதே 52-ஆவது பிரிவின் விளக்கம் குறிப்பிடுகிறது. ஓர் அங்குல உயர்வு இதில் அடங்குமா என்ற கேள்விக்கு நடைமுறையில் பதில் சொல்பவர் ஆய்வு செய்யும் அதிகாரியே. அச்சின் மேல் பட்டையை மாற்றிப் பொருத்தி, பெரிய டயர் மாட்டிய வாகனத்தில் அந்த ஐயத்துக்கே இடமில்லை.

பழைய வாகனங்களின் உரிமையாளர்களுக்கு இதில் கூடுதல் நெருக்கடி உள்ளது. தனிநபர் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, வாகனத்தை நேரில் ஆய்வுக்கு உட்படுத்தியே புதுப்பிக்க முடியும். சாலையில் யார் கண்ணிலும் படாத மாற்றம் அங்கே தெரிந்துவிடும். அசல் பட்டை, ஷேக்கிள், டயர் ஆகியவற்றை மீண்டும் பொருத்திக் கொண்டுவருமாறு திருப்பி அனுப்பப்பட நேரலாம். கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டவருக்கு, பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோன வாகனத்தில் அவற்றைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் காரணம் காட்டி காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வாய்ப்புண்டு என்பதால், வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது உரிமையாளருக்குப் பாதுகாப்பு.