உங்களுக்குத் தெரியுமா? மதர்போர்டுக்கு மின்சாரம் போகும் வழி

1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை, மதர்போர்டுக்கு பி8, பி9 என்ற இரண்டு கனெக்டர்கள் வழியே மின்சாரம் வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இடம் மாற்றிச் செருகினால் போர்டு எரிந்துபோகலாம்! அதனால் ‘கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர வேண்டும்’ என்பது கணினி மெக்கானிக்குகளின் பாலபாடம்.

1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு அந்த ஆபத்தை நீக்கியது. 20 பின்கள் கொண்ட ஒரே கனெக்டர், பின்னாளில் 24 பின் ஆனது. சில பின்களின் உறை சதுரம், சிலவற்றுக்கு முனை மழுங்கல். எனவே சரியான திசையில் மட்டுமே உள்ளே போகும்.

வண்ண ஒயர்களில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட். கணினி அணைந்திருந்தாலும், பிளக்கில் மின்சாரம் இருந்தால் ஊதா ஒயரில் 5 வோல்ட் இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரைக் கிரவுண்டோடு இணைக்கிறது. கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை இயங்கத் தொடங்குகிறது. வோல்டேஜ் நிலைபெற்றதும் சாம்பல் ஒயரில் சிக்னல் வரும். அதன் பிறகுதான் பிராசஸர் வேலையை ஆரம்பிக்கும்.

பிராசஸருக்கென 4 அல்லது 8 பின் கனெக்டர் தனியாக உண்டு. அதை மாட்ட மறந்தால் ஃபேன் சுழன்றாலும் திரையில் எதுவும் வராது.

கிராஃபிக்ஸ் கார்டின் 8 பின் கனெக்டரும் ஏறக்குறைய அதே தோற்றம்தான். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் அதில் இடம் மாறியிருக்கும். அதை பிராசஸருக்கான இடத்தில் அழுத்திச் செருகாதீர்கள்.

கழற்றி மாட்டும் கேபிள்களில், சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுவான விதி கிடையாது. புது சப்ளைக்கு அதனுடன் வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள்.