மேற்கே மேகமும் கிழக்கே கடலும்

மேற்கே மேகம் எழக் கண்டால் மழை வருமென்றும், தெற்கிலிருந்து காற்று வீசினால் வெயில் கடுக்குமென்றும் கணிக்கத் தெரிந்த மக்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்ட பகுதி லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. கட்டுமாவடியில் மீனவப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கையில் ஒருநாள் இதை வாசித்து விளக்கினோம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். "சாமி, கடல் நமக்குக் கிழக்கால இருக்கு. பெருமழை அங்கேருந்துதானே வரும்?" என்றான்.

நியாயமான கேள்வி. பாலஸ்தீன நாட்டுக்கு மத்தியதரைக் கடல் மேற்கே இருக்கிறது. ஈரக்காற்று அங்கிருந்தே வருகிறது. தெற்கே பாலைநிலம், ஆகவே அவர்களுக்குத் தென்காற்று அனல், நமக்கோ அது தென்றல். ஆண்டவர் கட்டுமாவடிக் கரையில் நின்று போதித்திருந்தால் கொண்டற் காற்றைப் பற்றியே பேசியிருப்பார் என்றோம். பிள்ளைகள் சிரித்தனர். ஆனால் அச்சிறுவனின் கையில் கொடுக்க, அவன் வானத்தைப் பற்றிய ஒரு சிறு புத்தகம் எம்மிடம் இருக்கவில்லை.

அன்று தொடங்கித் தேடினோம். குழந்தைகளுக்கு வானிலையை விளக்கும் நூல்கள் மேல்நாட்டில் ஏராளம். அமெரிக்க வானியலறிஞர் பிராங்கிளின் பிரான்லி 1964-இல் இடிமின்னலைப் பற்றி எழுதிய 'ஃபிளாஷ், கிராஷ், ரம்பிள் அண்டு ரோல்' இன்றும் புகழ்பெற்றது. மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை எண்ணச் சொல்லி, இடி எவ்வளவு தொலைவில் விழுந்தது என்று கணக்கிடக் கற்றுக்கொடுக்கும் நூல் அது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது நம் கணக்கு. பயத்தில் போர்வைக்குள் ஒடுங்கும் குழந்தைக்கு எண்ணுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடுகிறது. இதை நாமே கண்டோம்.

ஆயினும் மேல்நாட்டு நூலை அப்படியே பெயர்த்து அச்சிடுவதில் ஓர் இடர் உண்டு. அங்கே காலங்கள் நான்கு. நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுதுகள் ஆறு. அங்கே வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதையும் தமிழில் பனி என்கிறோம், மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதையும் பனி என்கிறோம். 'பனிமனிதன்' படத்தைப் பார்த்த ஒரு சிறுமி, அவ்வளவு பனியை எத்தனை நாள் புல்லிலிருந்து வழித்தெடுத்தார்கள் என்று கேட்டாள்! நம் நாட்டுப் புத்தகங்களும் பல வேளைகளில் வடபுலத்தை மனத்திற்கொண்டு, ஆனி ஆடியில் மழைக்காலம் தொடங்குவதாகச் சொல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால்தான் கிடைக்கிறது. புத்தகம் ஒன்று சொல்ல, வானம் வேறொன்று செய்தால், பிள்ளை எதை நம்பும்?

தமிழில் முயற்சியே இல்லை என்று சொல்வது நன்றிகெட்ட செயல். பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' எந்த மொழிக்கும் பெருமை தரும் பணி. 1987-இல் தொடங்கிய 'துளிர்' இதழ் சிறுவர்க்கு அறிவியலை எளிய தமிழில் கொண்டுவந்தது. இன்று செல்பேசியிலேயே இலவசமாகப் படிக்கத்தக்க படக்கதைகளும் உள்ளன. எனினும் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்தினர்க்கு, இந்தக் கடற்கரையின் காற்றைச் சொல்லும் நூல் வேண்டும் என்பதே எம் ஆவல்.

அதில் என்ன இருக்கலாம்? முதலில் காற்றுகளின் பெயர்கள். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். இவற்றைத் தாத்தாமார் அறிவர். பேரப்பிள்ளைகளிற் பலர் அறியார். அடுத்து, 1857-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் வெளியிட்ட விதி. பலத்த காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டினால், ஏறத்தாழ அத்திசையில் காற்றழுத்தம் குறைந்த இடம் இருக்கும். நம் பாதிக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதே காரணம். வாடைக்கு முதுகு காட்டினால் இடக்கை கிழக்கே கடலைக் காட்டும். பிறகு காற்று கச்சானாகத் திரும்பினால் புயல் நமக்கு வடக்கே கடக்கிறது. கொண்டலாகத் திரும்பினால் தெற்கே கடக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது விளையாட்டாகவே பிடிபடும்.

புயல் எச்சரிக்கைக் கூண்டையும் விளக்கவேண்டும். புயலைக் கூண்டில் அடைத்து ஏற்றுகிறார்கள் என்றே சில சிறுவர் எண்ணியிருந்தனர். எண் கூடக்கூடப் புயல் வலுக்கிறது என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு அபாயத்தையே குறிக்கின்றன. துறைமுகத்தின் எப்பக்கமாகப் புயல் கரை கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. எட்டு, ஒன்பது, பத்து என்பனவும் அவ்வாறே, பேரபாயத்துக்கு.

எல்லாவற்றுக்கும் மேலாகப் புயலின் கண். அடித்த காற்று திடீரென்று ஓய்ந்து, சில நிமிடங்களோ ஒரு மணி நேரமோ அமைதி நிலவும். புயல் போய்விட்டதென்று படகைப் பார்க்க ஓடுபவர்கள் மீது எதிர்த்திசையிலிருந்து மீண்டும் காற்று பாயும். காற்று சட்டென நின்றால் வெளியே போகாதே என்ற ஒரு வரி, பெரிய எழுத்தில், ஒரு பக்கம் முழுவதும் இருக்கட்டும். அதைப் படித்த குழந்தை தகப்பனின் கையைப் பிடித்து நிறுத்தும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்து இம்மாவட்டத்தின் ஊடே சென்றதை யார் மறப்பர்? பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துக்கிடந்தன. அந்நாட்களில் ஒரு சிறுமி, "சாமி, யார் பாவம் செஞ்சதுக்குப் புயல் வந்துச்சு?" என்று கேட்டாள். வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறாள். இறைவன் அப்படிப்பட்டவர் அல்லர் என்று மட்டும் சொன்னோம். உண்மைதான், ஆனால் பாதி விடை. புயல் எப்படிப் பிறக்கிறது, சூடேறிய கடல்நீர் ஆவியாகி மேலெழுந்து எவ்வாறு அதற்குத் தீனியாகிறது என்பதை அவளுக்குக் காட்டியிருந்தால், தன் தெருவில் யார் பாவி என்று தேடிக்கொண்டு அவள் வீடு திரும்பியிருக்கமாட்டாள்.

இதில் குருக்களுக்கு முன்னோடிகள் உண்டு. இயேசு சபையைச் சேர்ந்த பெனிட்டோ வீஞ்ஞஸ் அடிகளார் கியூபாவின் ஹவானா நகரில் மேகங்களின் போக்கை ஆண்டுக்கணக்காகக் குறித்து 1875-இல் புயல் வருமுன் எச்சரித்தார். அதே சபையின் பெதரிக்கோ பவுரா அடிகளார் 1879-இல் மணிலாவில் அவ்வாறே செய்தார். திருப்பலி நிறைவேற்றிய அதே கரங்கள் பாரமானியையும் பார்த்துக் குறித்தன. செபமும் குறிப்பேடும் அவர்களுக்குப் பகையாகத் தோன்றவில்லை.

நூல் வரும்வரை காத்திராமல், பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்தோம். மாலையில் ஐந்து நிமிடம் கரையில் நின்று காற்றையும் மேகத்தையும் எழுதவேண்டும். பெயர் தெரியாவிட்டால் தாத்தாவைக் கேட்கவேண்டும். பெற்றோரே, இதை எந்தப் பங்கிலும் செய்யலாம். உள்நாட்டில் இருப்போர் மொட்டைமாடியில் நிற்கட்டும். கேள்வி கேட்ட அந்தச் சிறுவனின் முதல் பக்கத்தில் இவ்வளவே இருந்தது: "வாடை. முதுகைக் காட்டினேன். இடது கை கடலைக் காட்டுது. செய்தியில் புயல் இல்லைன்னு சொன்னாங்க. தாத்தா, நாளைக்கும் வாடைதான் என்றார்."