சுவருக்குள் மின்சாரம் – 9: குழியை மட்டும் எண்ணாதீர்கள்

சென்ற வாரம் கட்டடத்தின் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வரை வந்து நின்றோம். பெரிய மருத்துவமனை, ஐ.டி. வளாகம், மால் போன்ற இடங்களில் 11,000 வோல்ட் உள்ளே போய் 433 வோல்ட்டாக வெளியே வருகிறது. உள்ளே வரும் பக்கம் டெல்டா. அங்கே நியூட்ரல் என்ற ஒன்றே கிடையாது. வெளியே போகும் பக்கம் ஸ்டார். அதன் நடுமுனையில்தான் கட்டடத்துக்கான நியூட்ரல் புதிதாக உருவாகிறது. மின்வாரியம் துணைமின் நிலையத்தில் எவ்வளவு நன்றாக எர்த் போட்டிருந்தாலும் இந்தப் புது நியூட்ரலுக்கு அதனால் பயனில்லை. இதற்கான எர்த்தைக் கட்டடக்காரர்தான் போட வேண்டும். அவர்களும் போடுகிறார்கள். எத்தனை குழி, எவ்வளவு கரி, உப்பு, எத்தனை ஓம் என்று கணக்காகக் கேட்கிறார்கள். குழி வேண்டும்தான். மின்னலுக்கும் 11,000 வோல்ட் பக்கத்துப் பழுதுக்கும் அது தேவை. ஆனால் மோட்டார் பாடியில் கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பது குழி அல்ல. ஸ்டார் முனையையும் பாடி எர்த்தையும் நேராகச் சேர்க்கும் ஒரு செம்புப் பட்டைதான்.

கரண்டை மண் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் தவறு தொடங்குகிறது. கரண்ட் தான் புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பியாக வேண்டும். மண் அதற்கு ஒரு பாதை, அதிலும் மோசமான பாதை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோட்டாரின் பாடிக்குத் தனிக் குழி 4 ஓம், நியூட்ரல் குழி 1 ஓம், இரண்டுக்கும் நடுவே மண் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ் பாடியைத் தொட்டால் 230 வோல்ட்டை 5 ஓம் எதிர்க்கும். ஓடுவது 46 ஆம்பியர். அந்த மோட்டாருக்கு 32 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. இருந்தால், அது உடனே விழ 160 முதல் 320 ஆம்பியர் வரை வேண்டும். 46 ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் இருக்கலாம். அவ்வளவு நேரமும் பாடியில் 184 வோல்ட். பாடியிலிருந்து ஸ்டார் முனை வரை உலோகப் பாதை இருந்து, மொத்தத் தடை 0.4 ஓம் என்றால் 575 ஆம்பியர் பாயும், எம்.சி.பி. கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும். உப்பையும் கரியையும் எவ்வளவு கொட்டினாலும் மண்ணில் இந்த 0.4 ஓம் எளிதில் கிடைக்காது.

அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்பார்கள். மின்வாரியத்தின் தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இணைப்பு வாங்கும் வீட்டுக்கு அது நல்ல பதில். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கட்டடத்தில் பாதிப் பதில்தான். டிரான்ஸ்ஃபார்மருக்கும் மெயின் பேனலுக்கும் இடையிலும், மாடிகளுக்கு ஏறும் பெரிய கேபிள்களிலும் யாரும் 30 மில்லி ஆம்பியர் கருவி வைப்பதில்லை. அங்கே பழுது வந்தால் உலோகப் பாதைதான் கதி. சரி, நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காமலே விட்டால் கரண்ட் திரும்ப வழியே இருக்காதே என்ற கேள்வியும் உண்டு. அறுவை அரங்குகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இன்சுலேஷனை ஓயாமல் கண்காணிக்கும் அலாரம் கூடவே இருக்கும். அலாரம் இல்லாத கட்டடத்தில் முதல் பழுது யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டு ஃபேஸ்களும் பூமியிலிருந்து 400 வோல்ட் உயரத்தில் ஏறி நிற்கும்.

இணைப்பு நல்லது என்றதும் ஒவ்வொரு மாடி டி.பி.யிலும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இது இன்னும் கெடுதல். வழக்கமான நியூட்ரல் கரண்டே எர்த் பட்டையிலும் தண்ணீர்க் குழாயிலும் ஓடத் தொடங்கும். காரணம் புரியாமல் ஆர்.சி.சி.பி. விழும், எங்காவது நியூட்ரல் அறுந்தால் எல்லா இரும்பு உடலும் ஷாக் அடிக்கும். ஒரு மின்மூலத்துக்கு ஓர் இணைப்பு, அதுவும் ஓரிடத்தில் மட்டும். ஜெனரேட்டர் விஷயத்தில் இது அடிக்கடி மறக்கப்படுகிறது. நான்கு போல் சேஞ்ச் ஓவர் போட்டால் நியூட்ரலும் பிரிந்துவிடுகிறது. அப்போது ஜெனரேட்டர் தனி மின்மூலம், அதற்குத் தனி இணைப்பு வேண்டும். மூன்று போல் என்றால் நியூட்ரல் பொது. டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள இணைப்பே இரண்டுக்கும் போதும்.

கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. 11,000 வோல்ட் பக்கத்துப் பழுது பாடி எர்த் வழியாக நியூட்ரலையும் உயர்த்திவிடும், ஆகவே குழிகளைப் பிரித்தே வைக்க வேண்டும் என்பது. வயல்வெளியில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு இது பொருந்தும். அடித்தளக் கம்பி, குழாய், லிஃப்ட் தண்டவாளம் எல்லாம் ஒன்றோடொன்று தொடும் கட்டடத்துக்குள் அந்தப் பிரிவினை வரைபடத்தில் மட்டுமே இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் உயர்வதும் சேர்ந்தே உயரும். மனிதர் தொடும் இரண்டு உலோகங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு வராது. நியூட்ரலுக்கு இரண்டு தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகள் சொன்னதும் ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும் என்பதற்காகத்தான்; அதைப் பாடியிலிருந்து நியூட்ரலைத் துண்டிக்கச் சொன்னதாகப் படிக்கக் கூடாது.

குழியை அளக்கும் கருவி, ஸ்டார் முனையைப் பாடி எர்த்தோடு சேர்க்கும் செம்புப் பட்டை இருக்கிறதா என்று காட்டாது. பட்டையே இல்லாத கட்டடத்திலும் 1 ஓம் என்று நல்ல அளவைத் தரும். அடுத்த ஆய்வின்போது எர்த் லூப் அளவையும், அதாவது பழுதுக் கரண்ட் பாடி வழியாக ஸ்டார் முனைக்குத் திரும்பும் முழுப் பாதையின் தடையையும், எடுத்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.