அடுத்த பாகம் எப்போ வரும்?

குட்டீஸ்... மாயாஜாலக் கதை ஒன்றைப் படித்து முடித்ததும், 'அடுத்த பாகம் எப்போ வரும்' என ஏங்கியதுண்டா? அப்படி ஏங்கவைத்த ஒரு புத்தகம் வெளிவர, 17 ஆண்டுகள் ஆயின!

லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம், 1936ல், 'தி ஹாபிட்' என்ற கதை வந்தது. எழுதியவர் பேராசிரியர் டோல்கீன். குள்ள மனிதன், டிராகன், புதையல்... சிறுவர் கதையாயிற்றே! 10 வயது மகன் ரேனரிடம் கொடுத்துக் கருத்து கேட்டார்.

'நல்ல கதை, 5 முதல் 9 வயதினருக்குப் பிடிக்கும்' என எழுதிக் கொடுத்தான் ரேனர். அவனுக்குத்தான் 10 ஆகிவிட்டதே... பெரிய மனுஷன்! கூலி, 1 ஷில்லிங்.

அடுத்த ஆண்டு வெளியான புத்தகம், சக்கைப்போடு போட்டது. 'இன்னும் வேண்டும்' எனக் கேட்டதால், 1937 டிசம்பரில் அடுத்த கதையைத் தொடங்கினார் டோல்கீன். அது, அனுமார் வால் போல் நீண்டது. இடையில் உலகப்போர் வேறு.

அதை வெளியிடுவது பற்றி முடிவெடுக்கும் நேரத்தில், ரேனர் வளர்ந்து, அப்பாவின் பதிப்பகத்தில் சேர்ந்திருந்தார். 'ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம். ஆனால், அற்புதமான கதை' என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அப்பாவும் சம்மதித்தார்.

'லார்ட் ஆப் தி ரிங்ஸ்' முதல் பாகம், 1954 ஜூலையில் வந்தது. நவம்பரில் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவில், நாயகன் புரோடோ எதிரிகளிடம் சிக்கிக்கொள்கிறான். மூன்றாம் பாகம் வந்ததோ, 11 மாதங்கள் கழித்து!